ஒட்டிக்கொண்ட இழுப்பறை

ஐப்பசியும் கார்த்திகையுமாகிய மழைத் திங்களில் பல வீடுகளில் ஒரு சிறு போர் நிகழ்வதுண்டு. வீட்டுத் தலைவர் யாதோ ஒரு பத்திரத்தை எடுக்கக் கருதி மேசையின் இழுப்பறையில் கை வைக்கிறார். சித்திரையில் விரல் பட்ட அளவில் வழுக்கி வந்த அந்த அறை இப்பொழுது அசைய மறுக்கிறது. அவர் ஒரு கையால் இழுக்கிறார். பின் இரு கையாலும் இழுக்கிறார். அதன்பின் மேசைக்காலில் தம் காலை ஊன்றி இழுக்கிறார். கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடுகிறது. உடனே வீட்டிலுள்ளார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருத்துவம் கூறத் தொடங்குகின்றனர். ஒருவர் தேங்காயெண்ணெய் விடச் சொல்லுகிறார். ஒருவர் இடுக்கில் கத்தியைச் செருகி நெம்பச் சொல்லுகிறார். மற்றொருவர் தச்சரை அழைத்து நன்றாக இழைத்துவிடச் சொல்லுகிறார். இளைஞர் ஒருவரோ, ‘இந்தப் பழைய மேசை இனி எதற்கு? எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோம்’ என்று வழக்கையே முடித்துவிடுகிறார்.

கத்தியால் நெம்புதல் பிழையென்பது கத்தி முறிந்தவுடன் எவர்க்கும் விளங்கிவிடும். ஏனைய மூன்றும் பிழையென்பது அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. அவற்றுள்ளும் மழைக்காலத்தில் இழைப்புளியை எடுப்பதே பெருந்தீங்கு விளைப்பது. அதனைச் செய்வோரோ அதுவே திருந்திய முறை என்று உறுதியாக நம்புகின்றனர்.

தமிழர் இல்லங்களில் பொருள்களைப் போற்றி வைத்தற்குப் பண்டு பயன்பட்டவை பெட்டியும் பேழையும் உறியும் பரணும் சுவர்மாடமும் ஆகும். மேசை என்னும் சொல்லே போர்ச்சுகீசியர் வாயிலாக வந்தது. அலமாரி, சாவி என்னும் சொற்களும் அவ்வாறு வந்தனவே. பிற நாட்டில் இழுப்பறை மிகப் பழைமையானது. எகிப்து நாட்டில் 1922ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற துட்டன்காமன் என்னும் அரசனது கல்லறையுள், ஆடுகாய்களை இட்டு வைத்தற்கு இழுப்பறை அமைந்த விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு மூவாயிரம் ஆண்டுகட்கு மேல் அகவை உண்டு. மழை அரிதாகிய அந்நாட்டில் அரசன் தன் பெட்டியோடு போராட நேர்ந்திராது போலும்! நம் நாட்டிலோ கடைக்காரரின் கல்லாப்பெட்டி முதல் ஆசிரியரின் மேசை வரை எங்கும் இழுப்பறை புகுந்துவிட்டது. ‘டிராயர்’ என்று வழங்குவோர் பலராயினும் இழுப்பறை என்பது நல்ல தமிழ்ச்சொல். இழுத்தால் வரவேண்டும் என்னும் கடமை அதன் பெயரிலேயே அமைந்துளது.

இனி, வர வேண்டிய அறை வாராமைக்குக் காரணம் யாது? மரம் வெட்டுண்டு பலகையான பின்னும் காற்றின் ஈரத்தோடு அதற்குள்ள உறவு அறுவதில்லை. காற்றில் ஈரம் மிகுமாயின் மரம் அதனைத் தன்னுள் ஏற்றுப் பருக்கும். ஈரம் குறையுமாயின் அதனை வெளிவிட்டுச் சுருங்கும். வார்னிசு பூசினால் இச்செயல் தாமதப்படுமேயன்றி நின்றுவிடாது. மேலும், மேசையின் வெளிப்புறத்தில் மும்முறை வார்னிசு பூசுவோரும் இழுப்பறையின் உட்புறத்தையும் பக்கங்களையும் வெறும் மரமாகவே விட்டுவிடுவர். ஈரம் புகுவதற்கு அவ்வழியே போதுமானது.

இப்பருத்தலும் சுருங்கலும் எல்லாத் திசையிலும் ஒத்த அளவில் நிகழ்வன அல்ல. பச்சைத் தேக்குப் பலகை ஒன்று முற்ற உலரும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய குறுக்குவாட்டில் நூற்றுக்கு 5 பங்கு அளவு சுருங்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாட்டில் அதில் ஏறத்தாழப் பாதியே சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டிலோ நூற்றில் கால் பங்குகூடச் சுருங்குவதில்லை. இவ்வுண்மையை மனத்துட்கொண்டு இழுப்பறையை நோக்குக. அதன் பக்கப்பலகைகளில் நார் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. முகப்புப்பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆகவே அறையின் நீளமும் அகலமும் மழையால் மாறுவதில்லை, உயரமே மாறுகிறது. பலகையின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறினால், 15 சென்டிமீட்டர் உயரமுள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அறைக்கும் அதன் மேலுள்ள சட்டத்திற்கும் இடையே தச்சர் விட்டிருந்த வெளியும் பெரும்பாலும் அவ்வளவே. தேக்கு இம்மாற்றத்தில் அடக்கமுடைய மரம். அதுவே இவ்வாறாயின், நன்கு உலர்த்தாது அவசரத்தில் அறுத்துப் பொருத்திய மட்டமரத்தைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? மரங்களின் இத்தகைய இயல்புகளையெல்லாம் 1906இல் டேராடூனில் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் அறிஞர் அளந்து வைத்துள்ளனர். எழுத்தறியாத தச்சர் பலர் அளவைகள் இன்றியே இதனை அறிந்திருந்தனர்.

மழைக்காலத்தில் அறை இறுகுவது மேல்விளிம்பிலேயாம் என்பது இதனால் பெறப்படும். இதனை அறியாதார் இருபக்கங்களையும் இழைத்துத் தள்ளுகின்றனர். அறை அப்பொழுதும் வருவதில்லை. பக்கங்களில் வீண் இடைவெளி மட்டும் உண்டாகிறது.

மேல்விளிம்பையே இழைத்தால் ஆகாதோ எனின், அதனால் வந்த கேடு ஒன்றைக் கேட்க. ஒரு வீட்டில் தந்தை வாங்கிவைத்த தேக்கு மேசை ஒன்று இருந்தது. அதன் நடு இழுப்பறையில் வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் பூட்டி வைக்கப்பெற்றிருந்தன. ஒரு கார்த்திகை மாதத்தில் அவ்வறை இறுகிற்று. வீட்டுக்குடையவர் தச்சரை அழைத்தார்.

“ஆசாரியாரே, இதனை நன்றாக இழைத்துவிடும். இனி என்றும் சிக்கக்கூடாது.”

“ஐயா, இப்பொழுது தொட வேண்டா. மரம் ஈரங் குடித்திருக்கிறது. தை பிறக்கட்டும், தானே தளரும். அப்பொழுதும் பிடித்தால் பார்த்துக்கொள்வோம்.”

“இன்றைக்கே எனக்குப் பத்திரம் வேண்டும். தை வரை யார் காத்திருப்பது?”

“பத்திரத்தை இப்பொழுதே எடுத்துத் தருகிறேன். இழைப்பது மட்டும் வேண்டா.”

சொன்னவாறே தச்சர் மேசையின் பின்பலகையைக் கழற்றி, அறையைப் பின்னிருந்து கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி வெளிக்கொணர்ந்தார். ஆயினும் வந்த கூலிக்கு இழைத்துவிட்டே போகவேண்டும் என்று உடையவர் பிடிவாதம் செய்தார். தச்சரும் வேறு வழியின்றி இழைத்தார். அறை அழகாக ஓடிற்று, உடையவர் மகிழ்ந்தார். பங்குனி வந்தது. மரம் உலர்ந்து தன் பழைய அளவுக்குச் சுருங்கிற்று. இழைத்தெடுத்த பகுதியோ திரும்பி வருவதாயில்லை. அறைக்கும் மேற்சட்டத்திற்கும் இடையே பெரிய இடைவெளி தோன்றிற்று. பூட்டின் நாக்கு மேற்சட்டத்திலுள்ள துளையை எட்டவில்லை. சாவியைத் திருப்பினால் பூட்டியது போன்ற ஓசை மட்டும் கேட்கும். இழுத்தால் அறை வந்துவிடும். அவ்விடைவெளி வழியாகக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் உட்புகுந்தன. சான்றிதழ் ஒன்றின் ஓரம் அரிக்கப்பட்ட பின்னரே வீட்டார் அதனைக் கண்டனர். ஒரு மணி நேரப் பொறுமையின்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இதில் தச்சர்மேல் குற்றம் கூறுதல் முறையன்று. மருத்துவன் வேண்டாவென்ற மருந்தைக் கேட்டு வாங்கி உண்டவன் மருத்துவனை நோதல் ஒக்குமோ?

ஆகவே மழைக்காலத்தில் இறுகிய அறைக்கு முதல் மருந்து காத்திருத்தலே. அறையைக் கழற்ற முடியுமாயின் கழற்றி, உள்ளிருப்பனவற்றை எடுத்துவிட்டு, காற்றோடும் நிழலில் சில நாள் வைக்கலாம். வெயிலில் வைத்தலாகாது, விரைந்து உலரும் பலகை வெடிக்கும். முற்காலத்தில் சிலர் சிறிய இழைவிளக்கை அறையினுள் எரியவிட்டு அதன் வெம்மையால் உலர்த்துவர். இன்றைய எல்.ஈ.டி. விளக்கில் அவ்வெம்மை இல்லை. காகிதம் நிறைந்த அறையில் எரியும் விளக்கை வைப்பதும் அறிவுடைமை அன்று. அறை சிறிதும் வெளிவாராது உள்ளேயே நிற்குமாயின், மேலறையைக் கழற்றிவிட்டு அந்த வழியே கைவிட்டோ பின்பலகையைக் கழற்றியோ உள்ளிருந்து தள்ளுதலே நன்று. முகப்பைப் பிடித்து இழுப்பதால் முகப்பே பெயர்ந்துவிடும்.

இழுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அகலம் மிகுந்து ஆழம் குறைந்த இழுப்பறைக்கு இரண்டு கைப்பிடிகள் வைப்பது அழகுக்காக மட்டும் அன்று. ஒரு புறத்துக் கைப்பிடியை மட்டும் பற்றி இழுத்தால் அறை சற்றே திரும்பி, முன்மூலை ஒருபுறமும் பின்மூலை மறுபுறமும் கூட்டில் முட்டும். இழுக்கும் வலிமை மிகுந்தோறும் முட்டும் வலிமையும் மிகும். அதனோடு உராய்வும் மிகும். ஆதலின் பீமனே இழுப்பினும் அவ்வறை வாராது. சற்றே உள்ளே தள்ளி நேராக்கிவிட்டு, இரு கைப்பிடியையும் ஒருசேரப் பற்றி இழுத்தால் குழந்தைக்கும் வரும். மேசையைக் குறைகூறுவதற்கு முன் இதனைச் செய்து பார்த்தல் வேண்டும். பழுதென்று அழைத்து வரப்பெற்ற தச்சர், இவ்வாறு இழுத்துக் காட்டிவிட்டுக் கூலி வாங்காது சென்றதும் உண்டு.

தேங்காயெண்ணெய் விடுதல் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. கீலுக்கு எண்ணெய் பயன்படக் கண்டவர் மரத்திற்கும் அதுவே பயன்படும் என்று கொள்கின்றனர். இரும்பு எண்ணெயைக் குடிப்பதில்லை, மரம் குடிக்கும். குடித்தது போக எஞ்சியது தூசியைச் சேர்த்துப் பிசினாகும். அடுத்த திங்களில் அவ்வறை முன்னினும் இறுகும். உள்ளிருக்கும் காகிதங்களிலும் கறை படியும். மரத்தின்மேல் மரம் வழுக்குவதற்கு ஏற்றது மெழுகே. எரிந்து எஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து, அறையின் கீழ்விளிம்பிலும் அது ஊர்ந்து செல்லும் தாங்குசட்டத்திலும் அழுந்தத் தேய்த்தால் போதும். தேன்மெழுகு கிடைப்பின் இன்னும் நன்று. தேய்ப்பதற்கு முன் பழைய அழுக்கை உப்புத்தாளால் துடைத்துவிடுதல் வேண்டும். சோப்புக்கட்டி தேய்ப்போரும் உளர். அஃது உடனே பயன் தருமாயினும் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையதாகலின் மழை நாட்டிற்கு அத்துணை ஏற்றது அன்று.

வேனிற்காலத்தும் அறை பிடிக்குமாயின் அப்பொழுது காரணம் ஈரம் அன்று. தேய்மானம் அல்லது தளர்ச்சி. அது பிடிக்கும் இடத்தைக் காண்பதற்குச் சுண்ணக்கட்டி உதவும். அறையின் விளிம்புகளிலெல்லாம் சுண்ணக்கட்டியைப் பூசி, உள்ளே செலுத்தி, மீண்டும் வெளியே எடுத்தால், சுண்ணம் அழிந்த இடமே உரசும் இடம் என்று அறியலாம். அவ்விடத்தை மட்டும், அதுவும் உலர்ந்த காலத்தில், நாரின் போக்கிலே சிறிது சிறிதாக இழைக்கலாம். ஓர் இழைப்பு இழைத்து ஒருமுறை செலுத்திப் பார்ப்பதே முறை. இழைப்புளி வரம்பறிந்து நிற்பவர் கையில் மட்டுமே நல்ல கருவி.

பல்லாண்டு ஓடிய அறையின் கீழ்விளிம்பு தேய்ந்து வளைந்துவிடும். தாங்குசட்டத்திலும் பள்ளம் விழும். அந்நிலையில் அறை பின்புறம் தாழ்ந்து முகப்பு நிமிர்ந்து மேற்சட்டத்தில் இடிக்கும். வீட்டார் இதனையும் மரம் பருத்ததாக எண்ணி மேல்விளிம்பை இழைக்கச் சொல்லுவர். உண்மையில் இங்கு வேண்டுவது நீக்குதல் அன்று, சேர்த்தலே. தேய்ந்த விளிம்பை நேராகச் சீவிவிட்டு, அவ்வளவு கனமுள்ள மரக்கீற்று ஒன்றை, நார் நீளவாட்டில் ஓடுமாறு வைத்து, பசையிட்டு ஒட்டல் வேண்டும். ஆணி அடித்தலாகாது. மரம் தேயத் தேய ஆணியின் தலை வெளிப்பட்டு அடுத்த பலகையைக் கீறும். ஓரறை திடீரெனச் சிக்குவதற்கு இவ்வாறு தலைதூக்கிய ஓர் ஆணியே காரணமாதல் மிகுதி.

மூலைப் பொருத்துகள் தளர்ந்த அறை கோணிக்கொள்ளும். கோணிய அறை நேரான கூட்டினுள் செல்லாது. மூலையில் இரண்டு ஆணி அறைந்து இறுக்குவது பலர் செய்யும் வேலை. அப்பொருத்து புறாவின் வால்போல் விரிந்த பற்களால் அமைந்ததாயின், ஆணி அப்பற்களையே பிளந்துவிடும். அவ்வாறன்றி, பொருத்தைப் பிரித்து, பழைய பசையை முற்ற நீக்கிப் புதுப் பசை இடுதல் வேண்டும். காய்ந்த பசையின்மேல் இட்ட பசை மரத்தைப் பற்றாது. பழைய மேசைகளில் இருப்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரமாகலின் அது வெந்நீருக்கு இளகிக் கொடுக்கும். பிற்காலத்தவர் பின்னர்ப் பழுது பார்ப்பதற்கு வழி வைத்த பசை அது. ஒட்டியவுடன் அறையின் இரு மூலைவிட்டங்களையும் ஒரு கயிற்றால் அளந்து பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒத்திருப்பின் அறை சதுரமாக நிற்கிறது. ஒன்று நீண்டிருப்பின் அம்மூலைகளை அழுத்தி ஒத்ததாக்குக. வடிவக்கணக்கில் நாற்கோணத்தைப்பற்றிப் படித்து மதிப்பெண் பெற்ற மாணவர் பலர், அப்பாடம் தம் மேசைக்குள்ளேயே கிடப்பதை அறியார். அளந்த பின் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு கோலைச் செருகி முறுக்கி, பசை காயுமளவும் விடுதல் வேண்டும்.

அடிப்பலகையைப்பற்றியும் ஒன்று சொல்லற்பாலது. நல்ல தச்சர் அதனைப் பக்கங்களிலுள்ள காடியில் செருகுவாரேயன்றிப் பசையிட்டு ஒட்டார். பருத்தற்கும் சுருங்குதற்கும் அதற்கு இடம் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆடுகிறதே என்று அதனை நாற்புறமும் ஆணியால் இறுக்குவோர் வீட்டில் அது நடுவே பிளக்கும். புத்தகச் சுமையால் கீழ்நோக்கித் தொய்ந்து சட்டத்தில் உரசும் அடிப்பலகையை உருவி, மேல்கீழாகத் திருப்பிச் செருகினால் பல்லாண்டு உழைக்கும்.

அறை முழுதும் மூடாமல் சிறிது வெளியே நிற்குமாயின், கருவி எடுப்பதற்கு முன் பின்னால் கைவிட்டுப் பார்க்க வேண்டும். விழுந்த பேனாவோ மடிந்த கடிதமோ அங்கு இருக்கும். தேடிச் சலித்த மூக்குக்கண்ணாடி அகப்பட்டதும் உண்டு. சில வேளைகளில் மேசையின் ஒரு கால் தரையில் பாவாமல் நிற்பதால் கூடு முழுவதும் கோணி, அறைகள் அனைத்தும் ஒரே நாளில் மூட மறுக்கும். அக்காலின் கீழ் மெல்லிய மரத்துண்டு ஒன்றை வைத்தால் நோய் தீர்ந்தது.

இக்காலத்து மேசைகளில் மரச்சட்டத்திற்கு மாறாகத் தச்சர் ‘சேனல்’ என்று வழங்கும் இரும்புத் தண்டவாளங்கள் உள்ளன. அவற்றினுள் சிறு இரும்புக் குண்டுகள் உருளும். அவை மழைக்கு இறுகா. ஆனால் தலைமயிரும் தூசியும் சேர்ந்தால் நிற்கும். திருகாணி தளர்ந்தால் தலைசாயும். துடைத்து இறுக்குதலே அவற்றிற்கு மருந்து. வளைந்துபோன சேனலை அடித்து நிமிர்த்துவதினும் இரண்டையும் இணையாக மாற்றுவதே நன்று. பார்ட்டிகிள் போர்டு என்று கடைகளில் விற்கும் பலகையின் நிலை வேறு. மரச்சிராயையும் தூளையும் பசையிட்டு அழுத்திச் செய்த அது, ஒருமுறை நன்றாக நனைந்து பருத்தால் மீண்டும் பழைய அளவுக்கு வாராது; திருகாணியும் அதில் நில்லாது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வீடுகளுள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த இப்பலகைப் பொருள்களைக் காக்க வழி இல்லை. நனைந்த தேக்கு மேசையைச் சேறு கழுவி, அறைகளைக் கழற்றி, நிழலில் பொறுமையாக உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோம் என்ற இளைஞருக்கு இங்கே விடை கிடைக்கிறது. ‘பழுது பார்க்கும் கூலியில் புதிய மேசையே வந்துவிடுமே’ என்பது அவர் கூற்று. விலையை மட்டும் நோக்கின் அதில் சிறிது உண்மையும் உண்டு. அதனை மறுத்தல் நேர்மை ஆகாது. ஆனால் அவர் எறிவது ஐம்பது அறுபது ஆண்டு காட்டில் வளர்ந்த தேக்கு. வாங்குவது ஒரு மழைக்குப் பருக்கும் தூள். எறியாமல் பழுது பார்த்தால் அக்கூலி தெருக்கோடியில் இருக்கும் தச்சருக்குச் செல்லும். அவர் கைத்தொழிலும் அழியாது நிற்கும். எதனை இழைக்கலாம், எதனை இழைக்கலாகாது என்று சொல்லத் தெரிந்தவர் ஊரில் இல்லாதொழிந்தால், பின்னர்ப் பணம் இருந்தும் யாரை அழைப்பது?

முன்னர்க் கூறிய வீட்டில், அடுத்த தை மாதத்தில் அதே தச்சர் மீண்டும் அழைக்கப்பெற்றார். இம்முறை உடையவர் எதுவும் கூறாமல் அருகே அமர்ந்திருந்தார். தச்சர் இழைத்த மேல்விளிம்பின்மேல் தேக்குக் கீற்று ஒன்றை ஒட்டி, வேனிலுக்கும் மழைக்கும் பொதுவான அளவில் இடைவெளி விட்டுச் சீவி, பூட்டின் நாக்கு துளையை எட்டுகிறதா என்று மும்முறை திருப்பிப் பார்த்து, கீழ்விளிம்பில் மெழுகு தேய்த்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. அம்மேசை இன்னும் அவ்வீட்டில் உள்ளது. கார்த்திகையில் அறை சற்றே இறுகும். வீட்டார் இரு கைப்பிடியையும் பற்றி மெல்ல இழுக்கின்றனர்.